சுவருக்கு அந்தப் பக்கம்

"டிக்கெட்ட கேன்சல் பண்ணுண்ணா! மொதல்ல அதப் பண்ணு, மத்தத அப்புறம் பேசிக்கலாம்."

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸின் கடைசி சீட்டில், துப்பட்டாவுக்குள் போனை மறைத்துக்கொண்டு பேசினாள் கலையரசி. காலேஜில் முதல் வருஷம்.

"இன்னாடி ஆச்சு? மூச்சு வாங்குது ஒனக்கு. மெதுவா சொல்லு," என்றான் அண்ணன் ஆரோக்கியராஜ். அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். போய் நாலு வருஷமாகிறது.

"உம்மேல கேஸு போட்டுட்டாங்க. அந்த வீடியோவுக்கு. மாதாவ அசிங்கப்படுத்திட்டியாம், மனசு புண்பட்டுப் போச்சாம். வக்கீல் வல்லரசு அண்ணன் இப்பத்தான் போன் பண்ணாரு. நீ வந்தா ஏர்போர்ட்லயே புடிச்சிடுவாங்களாம். பாஸ்போர்ட்ட வாங்கி வெச்சிக்கினா அந்த வேலையும் போயிடும்ண்ணா. கேஸு முடியற வரைக்கும் இந்தப் பக்கமே வரவுடாதன்னாரு."

வீடியோ ஐந்து நிமிஷம்தான். ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் குறுக்கே ஒரு சாதிச் சுவர். மேல்தெருக்காரர்களுக்கு மாதா சிலை இருக்கும் இந்தப் பக்கம், இவர்கள் தெருவுக்கு அந்தப் பக்கம். அப்பா இறந்தபோது அவரைச் சுவருக்கு அந்தப் பக்கம் குழியில் இறக்கியதை ஆரோக்கியராஜ் செல்போனில்தான் பார்த்தான். லீவு கிடைக்கவில்லை. போன மாசம் கேமரா முன்னால் உட்கார்ந்து, "சுவத்தத் தாண்டி எங்கப்பாகிட்ட வராத மாதா எனக்கு எதுக்கு?" என்று கேட்டுவிட்டான்.

"கம்ப்ளெயின்ட் யாரு குடுத்தது?"

"வக்கீலுக்கே தெரியல. காப்பி நாளைக்குத்தான் கெடைக்குமாம். வேற யாரு, மேல்தெரு ராயப்பன்தான். கோயில் கமிட்டி பேர்ல பேப்பர எழுதி எடுத்துக்கினு ஒரு வாரமா வீடு வீடா கையெழுத்து கேட்டுச் சுத்திக்கினு இருந்தாரு."

"இங்கயும் நம்ம சர்ச்சுதான் கலை. அதே மாதா, அதே ஜெபமால. சாமியப் பேசுனா குத்தம்னு இருந்த சட்டத்த ஜனங்களே ஓட்டுப் போட்டுத் தூக்கிட்டாங்க. நடுரோட்டுல நின்னுக்கினு என்னா வேணாலும் பேசலாம். ஆனா இங்க பேசி என்னா? நம்ம சுவர இங்க யாருக்குத் தெரியும்? ராயப்பனோட சண்ட போடணும்னாகூட நான் அங்க வந்துதானடி போடணும்?"

"வந்தா ஜெயிலுண்ணா."

"அம்மாவுக்கு ஸ்வெட்டரு வாங்கிட்டேன். நம்ம ஊரு வெயில்ல அத எங்க போடும்னுகூட யோசிக்காம."

கலையரசி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பக்கத்து சீட்டு ஆள் பார்க்கக்கூடாது.

டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி டிக்கெட். மூன்று மாசத்துக்கு முன்பே போட்டது. அவளுக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு கிறிஸ்துமசுக்கு வருகிறேன் என்று சொல்லிக் கடைசி நேரத்தில் லீவு ரத்தாகி, இரண்டு முறையும் அம்மா கோழியை வாங்கிக் கட்டி வைத்து ஏமாந்திருந்தாள். "இந்த வாட்டி சொல்லாம வந்து வாசல்ல நிக்கிறேன். நீ வாயத் தொறக்காத," என்று அவன்தான் சத்தியம் வாங்கியிருந்தான்.

"அம்மாகிட்ட இன்னாண்ணா சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாத. நான் வர்றேன்னு அதுக்குத் தெரியாததே நல்லதாப் போச்சு," என்று போனை வைத்துவிட்டான்.

வீட்டில் அம்மா லூர்துமேரி, அண்ணனின் கட்டிலை வாசலில் போட்டு ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கும்மா இது, வெளக்கு வெக்கற நேரத்துல?"

"மூட்டப்பூச்சி ஏறியிருக்கும். ஏன் ஒன் மூஞ்சி இப்டி கெடக்குது? பஸ்ல எவனாவது வம்பு பண்ணானா?"

சொல்லக்கூடாது என்றுதான் நினைத்தாள். அழுகை முந்திக்கொண்டது. "அண்ணன் மேல கேஸும்மா. அந்த ராயப்பன் நாசமாப் போவ!"

"அவர ஏன் திட்டற? பாவம், அந்த மனுசன் ஒரு வாரமா சுத்துனாரு, யாருமே கையெழுத்துப் போடல. நம்ம தெருவுல நம்ம புள்ளையாச்சேன்னாங்க. மேல்தெருக்காரனுங்க, ஸ்டேஷனுக்கு எவன் அலையறதுன்னு நழுவிட்டானுங்க. ஒத்த ஆளு போடலடி."

"அப்ப யாருதாம்மா போட்டது?"

"நாந்தான்."

கலையரசிக்கு அழுகை நின்றுபோனது.

"எதிர்வூட்டு கோபி பெங்களூர்ல இருக்கறானே, தங்கச்சி கல்யாணத்துக்கே ஒரு நாள்தான் வந்தான். அந்த அடிதடி கேஸு ஆனதுலேர்ந்து மாசம் தவறாம வாய்தாவுக்கு வந்துடறான். அன்னிக்கி அவங்கம்மா மீன் கொழம்பு வெக்கிறா, தெருவே மணக்குது. நான் கூப்ட்டா இவன் லீவு இல்லன்றான். கோர்ட்டு கூப்ட்டா வந்துதான ஆவணும்? ஜெயில்லாம் கெடையாது, சும்மா வந்து நின்னுட்டுப் போனா போதும்னு ராயப்பன் சொன்னாரு."

துணியைப் பிழிந்து போட்டுவிட்டு, லூர்துமேரி மகளின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"இந்த மாதிரி கேஸு ஜல்தியா முடியாதாமே, பத்து வருசங்கூட இழுக்குமாமே? மாசத்துக்கு ஒரு வாய்தான்னா, மொத்தம் எத்தினி வாட்டிடி வருவான்?"