நாலா, அஞ்சா

டாக்டரம்மா கோடு போட்ட மெல்லிய கம்பியை வாய்க்குள் விட்டதும், என் வீட்டுக்காரரின் கால் கட்டைவிரல்கள் இரண்டும் விறைத்துக்கொண்டு நின்றன.

முப்பது வருஷம் கடலுக்குப் போய்வந்த ஆள். பல் நாற்காலியில் ஏற்றினால் இந்த லட்சணம்.

நான் பக்கத்தில் நின்று கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஈறு இறங்கினது நாலு மில்லிமீட்டர் என்றால் ஒன்றும் வேண்டாம். அஞ்சு என்றால் ஈறில் ஒட்டுப் போட வேண்டும். மேலண்ணத்திலிருந்து ஒரு துண்டு தோலை எடுத்து, கீழ்வரிசை முன்பல் இரண்டுக்கும் அடியில் வைத்துத் தைப்பார்களாம்.

மூன்று மாதத்துக்கு முன்னால் இதே நாற்காலியில் நாலு.

அதற்கு முன்பு ஒரு வருஷமாக, ஐம்பத்திரண்டு வயதில் தனக்குப் பல் வளர்கிறது என்று காசிமேடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். வளரவில்லை, ஈறுதான் இறங்கிக்கொண்டே போகிறது என்று இந்த ஷாஸியா டாக்டரம்மா கண்ணாடியைப் பிடித்துக் காட்டிய பிறகுதான் ஆள் அடங்கினார்.

முதுகு பிடித்துக்கொண்டதிலிருந்து கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிசெய்வதுதான் அவருக்கு வேலை. முடிச்சு விழுந்ததும் நைலான் நூலைப் பல்லில் வைத்து ஒரு இழுப்பு. கத்தியைத் தேடுகிற நேரத்தில் இன்னும் நாலு வலைக்கண் முடித்துவிடலாம் என்பார். ஒரு நாளைக்கு எத்தனை நூறு இழுப்போ, அவருக்கே தெரியாது. அந்த நூல்தான் ஈறை அரித்திருக்கிறது.

"ஒட்டே போட்டுடும்மா. தோலு வேணும்னா என் வாயிலேர்ந்து எடுத்துக்கோ, எனக்குத்தான் வாயி ஜாஸ்தின்னு இந்தாளு ஊரெல்லாம் சொல்லிகினு கீறாரு" என்றேன் அன்றைக்கு.

டாக்டரம்மா சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார். நூல் கடிக்கிற வாயில் ஒட்டு நிற்காது, புது ஈறையும் நூல் தின்றுவிடும். கடிப்பதை நிறுத்தினால் இருக்கிற ஈறு இருக்கிற இடத்திலேயே நின்றுவிடலாம், ஒட்டே தேவைப்படாமல் போகலாம். மூன்று மாதம் பார்ப்போம். அதற்குள் அஞ்சுக்கு இறங்கிவிட்டால் தள்ளிப்போட முடியாது, பல் இரண்டும் ஆட ஆரம்பித்துவிடும்.

அந்த மூன்று மாதத்தில் இரண்டு மாதம் மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில், பார்க்கிற பக்கமெல்லாம் கிழிந்த வலை. விடிந்ததிலிருந்து வெளிச்சம் போகிற வரைக்கும் இந்த மனுஷனுக்கு நூலோடுதான் குடித்தனம்.

கத்திரிக்கோல் வாங்கிக் கழுத்தில் மாட்டிவிட்டேன். மூன்றாம் நாள் அது மீன் கூடையில் கிடந்தது. கெஞ்சினேன். திட்டினேன். பேசாமல் இருந்தும் பார்த்தேன், அந்த இரண்டு நாளும் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. முன்பல் போனால் முகமே வேறாகிவிடும். இருபத்தெட்டு வருஷமாக, நான் என்ன திட்டினாலும் என்னைப் பார்த்து இளிக்கிற முகம். அது அப்படியே எனக்கு வேண்டும்.

கம்பி வெளியே வந்தது. பக்கத்துப் பல்லுக்குப் போனது. டாக்டரம்மா விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு இன்னொரு தரம் குனிந்தார். நான் முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றேன்.

"நாலுதான் பொன்னுரங்கம் அண்ணா. ரெண்டு பல்லுமே நாலு. கொஞ்சம்கூட இறங்கல, இப்போதைக்கு ஒட்டு வேணாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. முறுக்கின முந்தானையாலேயே துடைத்துக்கொண்டேன்.

டாக்டரம்மாவுக்கு ஒரே ஆச்சரியம். இத்தனை வருஷப் பழக்கத்தை மூன்றே மாதத்தில் எப்படி விட்டீர்கள் என்று கேட்டார்.

இவர் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, கட்டைவிரல்களைத் தளர்த்தி, நாற்காலியில் ராஜா மாதிரி நிமிர்ந்தார்.

"நான் எங்க உட்டேன் டாக்டரம்மா? இப்ப வர்ற நூலே கலீஜு. யானைக்கவுனி கடைக்காரன் இன்னாத்த தடவி விக்கிறானோ, வாயில வெச்சா கொடலு வரைக்கும் கசக்குது. அதான் பேஜாரு புடிச்சி கத்தியால அறுத்துகினு கீறேன்."

நாலு கடை மாற்றிப் பார்த்துவிட்டாராம். எல்லார் நூலும் அதே கசப்பாம். வியாபாரத்தில் நேர்மையே செத்துப்போச்சு என்று டாக்டரம்மாவிடம் முறையிட்டார்.

டாக்டரம்மா திரும்பி என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த பல் படத்தைப் பார்த்தேன்.

கஷாயம் என்றாலே தெருக்கோடிக்கு ஓடுகிற மனுஷன். டெங்கு சமயத்தில் தெருவே வரிசையில் நின்று வாங்கிக் குடித்தபோதும் இவர் ஒரு வாய் குடித்ததில்லை. அந்த ருசி அவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை.

வெளியே வந்ததும் அவரை டீக்கடையில் உட்காரவைத்துவிட்டு, எதிரிலிருந்த நாட்டு மருந்துக் கடையில் நிலவேம்புப் பொடி இரண்டு பாக்கெட் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். வீட்டில் புது நூல்கண்டு மூன்று பிரிக்காமல் இருக்கிறது. நாளைக்கு அவர் வேலைக்குக் கிளம்பினதும் ஊறவைக்க வேண்டும்.