ஒரு மாதச் சப்பாத்தி

உலகம்மை ஒரு மாதமாகத் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில் துணைக்கு ஆளில்லாமல் கிடந்தாள். விட்டுப்போன வயிற்று நோய் திரும்பினால்தான் என்னவென்று உறுதியாகச் சொல்ல முடியும் என்று டாக்டர் குறுப்பு சொன்னதால், தினமும் சப்பாத்தி தின்றாள். தின்றதெல்லாம் வயிற்றாலே போயிற்று. பிறகு நூலில் கட்டிய குளிகையை விழுங்கி, சிறுகுடலிலிருந்து துளிச் சதை எடுக்கக் கொடுத்தாள்.

"என்டெ சந்தேகம் சரிதான். கோதுமை உங்க குடலுக்கு ஆகாது. அபூர்வமான நோய். சப்பாத்தியை விட்டுட்டுச் சோறு தின்னா மதி, அது போதும், சுகமாகும்."

புனாவில் கணவன் வீட்டில் வாட்டியெடுத்த நோய், இங்கே வலியசாலையில் அம்மா வீட்டுக்கு வந்ததும் விலகியது ஏன் என்று விளங்கிவிட்டது. சீக்காளி என்று சொல்லி அவன் விவாகத்தைத் தீர்த்துவிட்டு வருஷம் நாலாகிறது.

"இங்கே சோறு தின்னு சுகமாத்தானே இருந்தீங்க? பின்னே எதுக்கு இந்தக் கஷ்டம்? திரும்ப அவர்கிட்ட போகவா?"

உலகம்மை இல்லையென்று தலையசைத்தாள்.

"அவரு என் தங்கச்சியைக் கெட்டிக்கிட்டாரு சார். அன்னையிலேருந்து வீட்டுல யார்கூடயும் எனக்குப் பேச்சில்ல. இப்போ அவளும் அங்க இதே மாதிரி எலும்பா கெடக்காளாம்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"சப்பாத்தி தின்னாதன்னு நீங்களே அவளுக்கு எழுதிப் போடுங்க சார். நான் சொன்னா, வயித்தெரிச்சல்ல சொல்லுதேன்னுதான் நினைப்பா."