காலியாய் இருந்த இடம்

“எல்லாரும் வண்டி நிறுத்த இடமில்லாம சுத்தறாளே, அந்த ஒரு இடம் மட்டும் ஏம்ப்பா காலியா இருக்கு?”

போன வெள்ளிக்கிழமை கடைக்கு வந்திருந்த மகள் பிருந்தா கேட்டது. அன்றிலிருந்து பத்ரியின் கண் அந்த இடத்திலேயே இருந்தது.

கோயிலுக்குப் போகும் வீதி. அதில் பத்ரிக்குப் பூஜைப் பாத்திரக் கடை. இரண்டு மாதமாக அங்கே வண்டி நிறுத்தும் கட்டணம் நேரத்துக்கு நேரம் மாறியது. வீதி காற்றாடினால் மணிக்கு இருபது ரூபாய். நிரம்ப நிரம்ப அறுபது, எண்பது.

மெஷினில் சீட்டு அடித்துக் கொடுக்கும் செல்லக்கிளிதான் ஏதோ செய்கிறாள் என்று அவனுக்குப் பட்டது.

“கிளியக்காவா? எடத்தப் புடிச்சு வச்சு வேண்டியவகளுக்கு விக்கிதுண்ணே. நாமதான் டீய ஆத்திக்கிட்டுக் கெடக்கோம்” என்றான் டீக்கடை சோணைமுத்து.

இந்த வெள்ளிக்கிழமை மாலை, பத்ரி கல்லாவில் இருந்தபடியே செல்போனில் அவளைப் படம் பிடித்தான். இது பார்க்கிங் காண்ட்ராக்டருக்குப் போனால் நாளைக்கு அவளுக்கு வேலை இருக்காது. அது அவனுக்குத் தெரியும்.

கார்கள் வந்தன. கட்டணத்தைக் கேட்டுவிட்டு நகர்ந்தன. அவள் யாரையும் கூப்பிடவில்லை, தடுக்கவும் இல்லை.

பிறகு ஒரு கார் வந்து அந்த இடத்தில் நின்றது. காலில் மாவுக்கட்டோடு ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு அவன் அப்பா மாடியிலிருக்கும் எலும்பு டாக்டரிடம் ஓடினார்.

இவரிடம் எவ்வளவு வாங்கியிருப்பாள்?

கார் கிளம்பியது. இடம் மறுபடி காலி.

பத்ரி எழுந்து போய்க் கேட்டேவிட்டான். “யாருக்கும்மா அந்த இடத்தைக் காத்துண்டிருக்கே?”

“நான் எங்கண்ணே காக்குறேன்? எப்பவும் ஒரு எடம் காலியா இருக்குற மாதிரி ரேட்ட ஏத்தி எறக்குறாக. இல்லேன்னா அவசரத்துக்கு வாரவுக எங்கிட்டுப் போவாக?”

அவன் முகத்தில் நம்பிக்கை இல்லை. அவள் அதைப் பார்த்தாள்.

“இந்த ரேட்டெல்லாம் வாரதுக்கு முந்தி, உங்கம்மா கடையில நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாகள்ல. அன்னிக்கு 108 வாசல்லயே வந்து நின்னுச்சே, எப்படின்னு நெனைக்கிறீக?”

அம்மன் வழிவிட்டாள் என்றுதான் நினைத்திருந்தான். அதற்காக நெய்விளக்கும் ஏற்றியிருந்தான்.

“அன்னிக்கு நீங்க கார எடுத்துக்கிட்டு சோழவந்தான் போயிருந்தீக. அதான் வாசல் காலியாக் கெடந்துச்சு.”

அவள் அடுத்த வண்டிக்குச் சீட்டுப் போடப் போய்விட்டாள்.

கடை வாசலில் அவனுடைய கார் நின்றது. காலையிலிருந்து நின்றது. கடைக்காரர்களுக்கான மாதச் சலுகை அட்டை கண்ணாடியில் ஒட்டியிருந்தது.

பத்ரி படத்தை அழித்தான்.

மறுநாள் விடியும்போது ஒத்தக்கடையில் இருந்த அவன் வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கார் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு, அவன் டவுன் பஸ்ஸுக்கு நடந்தான்.