அண்ணன் சொன்ன பெட்ரோல்

“மட்டமான பெட்ரோலை ஊத்தி என் வண்டியையே சாகடிச்சிட்டியேடா!”

அண்ணன் போட்ட சத்தத்தில் பட்டறையே வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது. எண்ணெய்த் துணிமேல் பிஸ்டன்கள் கழற்றிக் கிடந்தன. ஒவ்வொன்றின் ஓரமும் எலி கடித்தாற்போல் அரிபட்டிருந்தது.

தம்பி குனிந்த தலை நிமிராமல் நின்றான். “நீங்க சொன்ன தொண்ணூத்தொண்ணு நம்பர் பெட்ரோல்தாண்ணா போட்டேன். ஒரு தடவைகூட மாத்தலை.”

“புளுகாதே! அங்கே இருந்தவரைக்கும் நானும் தொண்ணூத்தொண்ணுதான் போட்டேன். வண்டி ஒரு முனகல் முனகினது கிடையாது.”

வெளிநாட்டில் சொந்தச் சம்பாத்தியத்தில் அவர் வாங்கிய முதல் கார் அது. விற்க மனசு வராமல் கப்பலேற்றி அனுப்பி, தான் திரும்பி வரும்வரை ஓட்டிக்கொண்டிருக்கும்படி தம்பியிடம் ஒப்படைத்திருந்தார். “பெட்ரோல் தொண்ணூத்தொண்ணு. சொன்னதைச் செய், மூளையைப் போட்டுக் கசக்காதே” என்று போனிலேயே உத்தரவு. தம்பியிடம் அவர் பேச்சு எப்போதும் அப்படித்தான். கல்லூரியை விட்டு நின்று வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னதும் அப்படியொரு போனில்தான்.

“உன் முதலாளி வண்டியும் இதே வண்டி, அதுவும் அங்கேருந்து வந்ததுதானே? அதுக்கும் நீதானே பெட்ரோல் போட்டு ஓட்டறே? அது மட்டும் எப்படி அலுங்காம குலுங்காம ஓடுது? முதலாளி வண்டின்னா அக்கறை, அண்ணன் வண்டின்னா இளக்காரமா?”

தம்பி குனிந்தபடியே ஒரு பிஸ்டனை எடுத்துத் துணியில் துடைத்து வைத்தான்.

கணவருக்குச் சாட்சி சேர்க்கும் வேகத்தில் அண்ணி செல்போனைத் தட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று அவள் முகம் சுண்டிப்போனது.

“ஏங்க, இதைக் கொஞ்சம் பாருங்க. பெட்ரோலுக்குப் போடற இந்த ஆக்டேன் நம்பரை எல்லா நாட்டுலயும் ஒரே மாதிரி கணக்குப் பண்றதில்லையாம். நாம இருந்த இடத்துல ரெண்டு விதமா சோதிச்சு சராசரியைப் போடறாங்க. இங்கே அதுல பெரிசா வர்ற ஒண்ணை மட்டும் போடறாங்க. அங்கே தொண்ணூத்தொண்ணுன்னா இங்கே கிட்டத்தட்ட தொண்ணூத்தஞ்சாம்.”

“அப்போ இங்கத்த தொண்ணூத்தொண்ணு?”

“இந்த இன்ஜினுக்குப் பத்தாது. உள்ளே நேரங்கெட்ட நேரத்துல வெடிச்சு, டக்டக்குனு தட்டித் தட்டியே பிஸ்டனைத் தின்னுடுமாம்.”

அண்ணன் செல்போனை வாங்கித் தானே படித்துப் பார்த்தார். செல்ல வண்டி போன துக்கம்கூட அப்போது பின்னால் போய்விட்டது. இத்தனை பேர் முன்னால் கூடப்பிறந்தவனைக் குற்றவாளி மாதிரி நிற்க வைத்துவிட்டோமே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது.

கிட்டே போய்த் தம்பியின் தோளில் கைபோட்டார்.

“மன்னிச்சுக்கடா. தப்பு பூரா என்னோடது. நாட்டுக்கு நாடு நம்பர் மாறும்னு நீ என்னத்தைக் கண்டே, பாவம்.”

தம்பி அப்போதுதான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான். தோளில் கிடந்த கையை மெதுவாக எடுத்துவிட்டான்.

“வண்டி வந்து இறங்கின அன்னைக்கே தெரியும்ணா.”