மகளின் நடை

"இடது தோள் இன்னும் கொஞ்சம் இறங்கணும்" என்றார் ஜவுளிக்கடை முதலாளி.

இறக்கினேன். களிமண் சொன்ன பேச்சைக் கேட்டது. முதலாளிதான் கேட்கிற ஆள் இல்லை. ஒரு நூல் பிசகினாலும் மொத்தத் துணியையும் திருப்பி அனுப்புகிறவர், என் மண்ணையா சும்மா விடுவார்?

இறந்துபோன மகளின் சிலை. பதினைந்து வயது, ஆளுயரம். அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: நிற்கக் கூடாது, உட்காரவே கூடாது, நடக்க வேண்டும்.

முகத்துக்குப் புகைப்படம் தந்தார். நடைக்கு ஒன்றும் இல்லை.

முகத்தை எவனும் செய்துவிடுவான். உயிர் இருப்பது இடுப்பில். பாரம் எந்தக் காலில் என்று தெரியாமல் செய்தால் அவர் கடை வாசலில் நிற்கிற பொம்மைதான் வரும்.

"அப்ப நீங்களே நடந்து காட்டுங்க முதலாளி" என்று விளையாட்டாகச் சொன்னேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு நிஜமாகவே நடந்தார்.

கல்லாவில் உட்கார்ந்தே பருத்த உடம்பு. வந்த சிரிப்பைக் கடித்துக்கொண்டேன். நாலு எட்டு வைப்பதற்குள் சிரிப்பு தானாகப் போய்விட்டது.

தோள் தாழ்ந்து, தலை வலப்பக்கம் ஒதுங்கி, முதுகு லேசாகப் பின்னே சாய்ந்து, இரண்டு கைகளும் மார்புக்கு முன்னால் மடங்கி, உள்ளங்கைகள் மேலே பார்க்க, தரைக்கு வலிக்குமோ என்பதுபோல் ஒவ்வொரு அடியும். சாமி கும்பிடப் போகிறவர்கள்கூட அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

"கையில என்ன வச்சிருக்கா, பூக்கூடையா?"

"ஒண்ணுமில்ல. கை அப்படித்தான்."

அப்படியே செய்தேன். என் கையில் வந்ததிலேயே நல்ல வேலை. ஆனால் பட்டறையில் அதற்கு முதுகு காட்டி உட்கார என்னால் முடியவில்லை. வெறும் கையோடு நடக்கிற பெண்ணின் இடுப்பில் அத்தனை பாரம் எங்கிருந்து வந்தது?

அச்சு எடுப்பதற்கு முதல் நாள், மனைவியைக் கூட்டி வந்தார்.

"இன்னைக்குப் பார்த்துச் சொல்லிடுங்கம்மா. அச்சு எடுத்துட்டா அப்புறம் மாத்த முடியாது. நடை சரியா இருக்கா?"

அந்த அம்மா சிலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். புருஷனைப் பார்த்தார். பிறகு என்னை.

"அவ என்னைக்குத் தம்பி நடந்தா? பொறந்ததுலேர்ந்து இவருதான் தூக்கிட்டுத் திரிஞ்சாரு."

முதலாளி சிலைக்கு முன்னால் போய் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். மெல்லப் பின்னால் சரிந்து, மடங்கியிருந்த அந்தக் கைகளுக்குள் உடம்பைக் கொடுத்தார். தலையை மகளின் தோளில் வைத்துக்கொண்டார்.

பச்சை மண், விழுந்துவிடும் என்று கத்த வாயெடுத்தேன். அந்த அம்மா என் கையைப் பிடித்தார்.

தாங்கியது.