கொசு அடித்த பிணம்

“பிணம் கொசு அடிக்குதும்மா,” என்றார் எடிட்டர்.

“இருக்கட்டும்ணே.”

அவருக்குத் தலை சுற்றியது. சின்ன பட்ஜெட் பேய்ப் படம்தான், அதற்காக இப்படியா? பழிவாங்க வந்த பேயின் கையில் வாட்ச் மின்னியது. அதையும் வெட்டக் கூடாது என்றுவிட்டாள், நாற்பது நாள் நாயாய் அலைந்து படத்தை எடுத்தவள்.

“முதல் பாதியில பேய் கொன்ன ஆளு, ரெண்டாம் பாதியில அதுக்கே கதவைத் திறந்து விடுறாரு. ரெண்டு ஷாட்டைத் தூக்கினா சரியாயிடும்.”

“வேண்டாம்ணே.”

“ஜனங்க சிரிப்பாங்கம்மா. மானம் போயிடும்.”

“போகட்டும்ணே.”

ஒன்றும் புரியாமல் விழித்தவரிடம் அவள் ஒரு தாளை நீட்டினாள்.

“டைட்டில் கார்டு. இதுல மட்டும் ஒரு தப்புகூட வரக் கூடாது.”

வாங்கிப் படித்தார். ‘எழுத்து, இயக்கம்’ என்பதற்குக் கீழே தயாரிப்பாளரின் பெயர் இருந்தது.

“எடுத்தது நீங்கதானேம்மா?”

“போன ரெண்டு படத்தையும் நான்தாண்ணே எடுத்தேன். மேடையேறி விருது வாங்கினது அவரு.”

எடிட்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அந்தக் கொசு அடிக்கிற இடத்தை இன்னும் கொஞ்சம் பெருசாக்கிக் காட்டட்டுமாம்மா?”