கிழக்குப் பக்கத்துக் கல்

"தொட்டுப் பாரும் ஐசே, கடிக்காது!"

குகதாசன் நீட்டிய கல்லை அருட்பிரகாசம் இரண்டு கையாலும் வாங்கினார். உள்ளங்கை அளவு சீமெந்துத் துண்டு. பெர்லினுக்கு நாலு நாள் போய்வந்ததிலிருந்து, இந்தக் கல்லைத் தொட்டுக் கும்பிடாத குறையாகப் பார்த்த பிறகுதான் அந்த லண்டன் ரெய்னர்ஸ் லேன் வீட்டில் எவருக்கும் தேத்தண்ணி.

"பெயின்ற் ஒண்டையும் காணேல்லை? படங்களில பெர்லின் மதில் கலர் கலராயெல்லோ இருக்கு!"

"அது மேற்குப் பக்கம். இது கிழக்குப் பக்கத்துக் கல்லு. அங்கை மதிலுக்குக் கிட்டப் போனாலே வெடிதான், பெயின்ற் அடிக்க ஆர் விட்டது?"

அடேயப்பா, என்ன ஞானம்! அவர் காவல் கோபுரத்தோடு படம் எடுத்து முடிக்கும் வரை, கடையில் கல் வாங்கி வரும்படி மனைவி சிவமலரைத்தான் அனுப்பியிருந்தார். அதை மட்டும் சொல்லமாட்டார்.

பிறகு போனைத் திறந்தார். மதில் நின்ற இடத்தில் தெருவோடு பதித்த கல்வரிசை. அந்தப் பக்கம் ஒரு கால், இந்தப் பக்கம் ஒரு காலாக அவர்.

"ஒரு தாய் வயித்துப் பிள்ளையள் ஐசே! அண்ணன் இஞ்சாலை, தம்பி அங்காலை. இருபத்தெட்டு வருசம்! நினைவிடத்தில நிண்டு அழுதுபோட்டன்."

கண் கலங்கியது. பொய்யில்லை, உண்மையாகவே கலங்கியது.

அருட்பிரகாசம் மெல்லக் கேட்டார். "அப்ப சனிக்கிழமை சயந்தினியின்ர கலியாணம்? பெரியப்பா நீர் போகாமல்..."

சயந்தினி பக்கத்து வீட்டுப் பிள்ளை. குகதாசனின் கூடப்பிறந்த தம்பி இராஜேந்திரனின் ஒரே மகள்.

"வேலி அரக்கினவன்ர வாசலை நான் மிதிக்கமாட்டன்! என்ர காணிக்குள்ளை ஒரு சாண் அரக்கிப்போட்டான்!"

கடல் கடந்து வந்தும் வேலிச் சண்டை விடவில்லை. அந்த ஒரு சாணுக்காகப் பின்வளவில் மதிலே கட்டிவிட்டார் மனிதர். ஆறடிக்கு மேல் கவுன்சில் விடாது என்றபடியால் ஆறடி. விட்டிருந்தால் விமானத்துக்கே இடைஞ்சலாக எழுப்பியிருப்பார். தம்பி அங்கே இருமினால் இங்கே கேட்கும். ஆறு வருடமாகப் பேச்சு மட்டும் இல்லை.

"அந்தப் பிள்ளை மூண்டு தரம் வந்து அழுதிட்டுப் போட்டுது," என்றபடி சிவமலர் வடைத் தட்டை வைத்தாள். "பெரியப்பா வராட்டித் தாலி ஏறாது எண்டு நிக்குது."

"என்ன பிள்ளை, விரலெல்லாம் பிளாஸ்ரர்?" என்றார் அருட்பிரகாசம்.

"வேலை செய்யேக்கை பட்டது, அண்ணை."

"கதையை மாத்தாதையுங்கோ!" குகதாசன் கல்லைப் பறித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சகோதரங்களைப் பிரிச்ச மதில் இது. இதை உடைச்ச கை எவரின்ர கையோ, கண்டால் இந்த இடத்திலேயே கும்பிடுவன். அம்மாளாணை!"

"அருட்பிரகாசம் அண்ணை, நீங்கள்தான் சாட்சி."

சிவமலர் பிளாஸ்ரர் ஒட்டிய இரண்டு கைகளையும் கணவரின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"கும்பிடுங்கோ. பெர்லினில கல்லு வாங்க நான் மறந்துபோனன். இது எங்கட பின்வளவு மதிலில சுத்தியலால உடைச்சது. கிழக்குப் பக்கந்தான்."